ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில்தான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தேன். கட்டணமில்லாக் கல்வியும் சாப்பாடும் பிள்ளைகளை வரவழைத்தன. வந்தவர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாமா?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள்; வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கும் நடத்த வேண்டும். இதில் எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு வேறு. மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை அருகில் உட்காரவைத்துச் சொல்லித்தர நேரமே கிடைக்காது. வீட்டிலும் ஆளில்லை, பெற்றோர் விடிந்ததும் மிளகாய்க் காட்டுக்கோ கரிமூட்டத்துக்கோ போய்விடுவார்கள்.

தலைக்கணக்கு பார்க்காமல் வகுப்புக்கு ஓர் ஆசிரியரைத் தமிழக அரசு நியமிக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தூத்துக்குடி மாவட்டம்