டைனமோ பூட்டித் தந்த ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான ஊர் ஆக்களுக்கு,

தாயும் பிள்ளையும் சுகம். நேற்றும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தொப்புள் காய்ந்து விழுந்துவிட்டது. பால் குடித்துவிட்டு, முஷ்டியை இறுக்கிப் பிடித்தபடி நல்ல நித்திரை.

இந்த 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வராமல், பிள்ளை வீட்டிலேயே பிறந்த அன்றிரவு நடந்ததை முழுதாக எழுதப் போவதில்லை. வாகனம் ஏன் வரவில்லை, பெற்றோல் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதே வரிசையில் இரவு பகலாக நின்றவர்கள்தானே.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். வயலுக்கென்று ஒளித்து வைத்திருந்த டீசலை ஊற்றி லாண்ட்மாஸ்டரை, அதுதான் பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு மிசினை, கொண்டுவந்த அண்ணைக்கு. அந்தப் பெட்டிக்குள் தன் வீட்டு மெத்தையையே விரித்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு. நித்திரையில் எழுப்பியும் கோபிக்காமல், கடைசிவரை ஃபோனை வைக்காமல் கதைத்த எங்கள் டொக்டருக்கு. விடியப்புறம் வாசலிலேயே ட்ரொலியோடு நின்ற பெரியாஸ்பத்திரி லேபர் றூம் பிள்ளைகளுக்கு. கொதிதண்ணீர், பழைய சேலை, தேத்தண்ணி என்று ஓடித்திரிந்த எல்லோருக்கும். பெயர் சொன்னால் யாராவது விடுபட்டுப் போவார்கள், அதனால் சொல்லவில்லை.

ஆனால் சந்தியில் சைக்கிள் திருத்துகிற ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். அவர் அன்றிரவு அங்கே இல்லை. நடந்தது அவருக்குத் தெரிந்ததே மூன்று நாள் கழித்துத்தான்.

ஸ்கூட்டி முற்றத்தில் நின்றுவிட்ட பிறகு அம்மாவின் பழைய லுமாலா சைக்கிளைத்தான் தூசு தட்டி எடுத்தேன். எங்கள் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைக்க முடியாது. கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பத்து நாளுக்குள் இரண்டு தரம் போக வேண்டும், கிளினிக்குக்கு வராத ஆக்களைத் தேட வேண்டும். 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே குடும்பநல மாதுவின், அதாவது ஊர் மருத்துவிச்சியின், வேலை வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போவதுதான் என்று பயிற்சிக் காலத்தில் படித்தோம். அந்தக் காலத்து மிஸ்மார் எப்படிப் போயிருப்பார்கள் என்று என் முழங்கால் இப்போதுதான் சொல்லித் தருகிறது.

ஒருநாள் இருட்டுப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஃபோன் வெளிச்சம், மற்றக் கையில் ஹாண்டில், தோளில் தராசுப் பை. ஐயா கடை வாசலில் இருந்து பார்த்துவிட்டு மறித்தார்.

"உதென்ன பிள்ளை, சேர்க்கஸோ? இறங்குங்கோ."

உள்ளே போய்த் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றைக் கிண்டி, ஒரு பழைய டைனமோவும் முட்டை மாதிரி ஒரு லைற்றும் எடுத்து வந்தார். பின் சில்லோடு உரசும்படி டைனமோவைப் பூட்டினார். சில்லைச் சுற்றிப் பார்த்தார். ர்ர்ர் என்று சத்தம், மஞ்சளாக ஒரு வெளிச்சம். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "பழைய இரும்புக்கு என்ன காசு" என்றுவிட்டார்.

வயர் மட்டும் நாலைந்து முழத்துக்கு மிச்சமாக நின்றது. வெட்டிவிடுங்கோ ஐயா, காலில் சிக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை. சுருட்டி, சீற்றுக்குக் கீழே றப்பர் துண்டால் கட்டிவிட்டார். "தொண்ணூறுகளில பற்றறி இல்லாம, சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதியைச் சுத்தித்தானே ரேடியோ கேட்ட நாங்கள். வயர் நீளமா இருந்தாத்தான் வெளிச்சத்தை வீட்டுக்குள்ள கொண்டு போகலாம். கிடக்கட்டும்."

கிழவரின் பழைய கதை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காகவும் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

பிள்ளை பிறந்த அந்த வீட்டுக்கு இன்னும் கரண்ட் இழுக்கவில்லை. சோலார் விளக்கு நான் போகும்போதே மங்கிக்கொண்டிருந்தது. ஃபோனில் சார்ஜ் ஆறு வீதம், அது டொக்டரோடு கதைக்க வேண்டும். பிள்ளை பிறந்து, அழுது, தாயின் நெஞ்சில் கிடத்திப் போர்த்தாயிற்று. தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை கையால் தொட்டே பார்த்தேன். அதுவரை வெளிச்சம் தேவைப்படவில்லை. பிறகுதான் பயம். இளங்கொடி (நஞ்சுக்கொடி) வந்தால் அதைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு துண்டு உள்ளே நின்றாலும் இரத்தம் நிற்காது. எவ்வளவு போகிறது என்பதையும் கண்ணால்தான் மதிக்க வேண்டும். இருட்டில் எல்லாமே கறுப்பு.

அப்போதுதான் வயர் ஞாபகம் வந்தது.

சைக்கிளை வாசற்படியில் கவிழ்த்து வைத்தோம். தகப்பன்காரத் தம்பி மிதியைக் கையால் சுற்றினார். அம்மம்மா லைற்றைக் கழற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் தோளுக்கு மேலால் பிடித்தா. வயர் சரியாகக் கட்டில் கால்வரை வந்தது, அதற்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. தம்பி பிள்ளையின் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார், உடனே வெளிச்சம் சிவந்து விழும். "சுத்துங்கோ தம்பி, பிள்ளையைப் பிறகு பார்க்கலாம்" என்று கத்துவேன். அழுதுகொண்டே சுற்றினார். அந்த வெளிச்சத்தில் இளங்கொடியைப் பேசினில் வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தேன். முழுசு. வயிற்றில் கை வைத்தேன், கர்ப்பப்பை தேங்காய் மாதிரி இறுகியிருந்தது. லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்கும்வரை அவர் மிதியை விடவில்லை. விடிந்து பார்த்தால் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

என்னைப் புகழ்ந்து சிலர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அன்புக்கு நன்றி, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாட்டில் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறார்கள். என் மாத அறிக்கையில் வீட்டுப் பிரசவம் என்ற இடத்தில் வருடக்கணக்காகப் பூச்சியம்தான் எழுதி வந்தேன். அதுதான் என் பெருமை. இந்த மாதம் 1 என்று எழுதினேன், கை கூசியது. அன்றைக்கு எல்லாம் சரியாக வந்தது. சரிவராமல் போயிருந்தால் என் பையில் இருந்தது போதாது. ஆகவே, தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே பெறலாம் என்று யாரும் யோசிக்காதீர்கள். நாள் நெருங்கியவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். போக இடமில்லாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள். இனி எட்டாம் மாதம் முடிய முதலே ஒவ்வொரு வீட்டிலும் எந்த வண்டி, யாருடைய எண்ணெய் என்று கேட்டு எழுதி வைப்பேன். கேட்கும்போது சலிக்காதேங்கோ.

பெற்றோலைப் பங்கிட 2022இல் கியூஆர் முறை வந்த பிறகு, ஸ்கூட்டிக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது. தூரத்து வீடுகளுக்கு அது. கிட்ட உள்ள வீடுகளுக்கு லுமாலாதான். வயரை வெட்டவில்லை.

ஐயா, இதை மகள் உங்களுக்கு வாசித்துக் காட்டுவா என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு நிறை பார்க்கப் போகிறேன், போகும் வழியில் கடைக்கு வருவேன். பின் சில்லில் காற்று மெல்ல மெல்ல இறங்குகிறது. அதற்காவது காசு வாங்குங்கோ.

உங்கள் குடும்பநல மிஸ்