எங்கள் இடத்தில் நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அயர்லாந்தின் ரோஸ்காமன் கவுண்டியில் எங்கள் சிற்றூர் நாடகக் குழு இந்த ஆண்டின் விழாச் சுற்றை நல்லபடியாக முடித்துவிட்டது. குழுவின் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் குறிப்பு தேவாலயச் செய்தி இதழில் வரப்போகிறது. அங்கே நாலு வரிதான் கிடைக்கும். உதவியவர்களில் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அதனால் மேடைப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த நான் இதைத் தமிழில் எழுதுகிறேன். பெயர் போட்டால் கூச்சப்படுகிற மனிதர்கள் இவர்கள், பெயர்களை விட்டுவிடுகிறேன். படிக்கும்போது யார் யாரென்று அவரவருக்கே தெரியும்.

விழாச் சுற்று என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அமெச்சூர் நாடகக் குழுக்கள் குளிர்காலம் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு, மார்ச் மாதத்தில் ஊர் ஊராகக் கிளம்பும். டபர்கரி, ஸ்காரிஃப், பாலிஷானன் என்று பல ஊர்களில் நாடக விழா நடக்கும். ஓர் இரவுக்கு ஒரு குழு. அதிகப் புள்ளி பெறுகிற குழுக்கள் இறுதிச் சுற்றுக்குப் போகும். இறுதிச் சுற்றுகளில் பெரியது 1953 முதல் ஷானன் ஆற்றங்கரையில் உள்ள அத்லோனில் நடக்கிறது. ஏன் மார்ச் என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் தவக்காலத்தை, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தை, சொல்வார்கள். அந்தக் காலத்தில் தவக்காலத்தில் நடனம் கூடாது. நடன அரங்குகள் மூடிக் கிடக்கும், நாடகத்துக்குத் தடையில்லை. ஊரே நாடகத்துக்கு வரும். 1959-இல் அத்லோனில் முதல் பரிசு வாங்கிய லிஸ்டோவல் குழுவைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். டப்ளினில் உள்ள அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கான ஆபி தியேட்டர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய நாடகத்தைத்தான் அவர்கள் எடுத்து ஆடினார்கள். அவர்களும் எங்களைப் போல, பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்.

இந்த மார்ச் மாதத்தில்தான் பசுக்களும் கன்று போடும். எங்கள் நாடகத்தில் அப்பா வேடம் கட்டியவர் பால் பண்ணை வைத்திருக்கிறார். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவருக்கு இரவுத் தூக்கமே கிடையாது. விழா இரவுகளில் அவர் கிளம்பினால் கொட்டிலில் யார் இருப்பது? பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் சொந்தப் பசுக்கள் உண்டு. தன் மகனை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்தார். நாங்கள் பாலிஷானனில் ஆடிய இரவில் ஒரு கிடாரி கன்று போட முடியாமல் தவித்திருக்கிறது. அவரே கால்நடை மருத்துவரை வரவழைத்து, கூட நின்று, தாயையும் கன்றையும் காப்பாற்றிவிட்டார். ஆனால் திரை விழுகிறவரை எங்களுக்கு ஒரு செய்தியும் அனுப்பவில்லை. நடிக்கிறவர் மனம் கலையக் கூடாது என்பதற்காக. மேக்கப்பைக் கலைக்கும்போதுதான் போனில் கன்றின் படம் வந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி அவருக்கு உரியது. ஐயா, உங்களுக்கு எங்கள் முதல் நன்றி.

என் கதையும் அதுதான். முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன், வாரத்தில் பாதி இரவுப் பணி. விழாத் தேதிகள் வந்ததும் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, "இது எனக்கு, அது உனக்கு" என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். நான் கேட்கவே இல்லை. என் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுத் தூங்க வைத்தது ரோஸ்காமன் நகரத்தில் இருக்கும் அக்காவும் அண்ணனும். ஒவ்வொரு விழா இரவிலும் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் திரும்பும்வரை விழித்திருந்தார்கள். திரும்பும்போது விடியற்காலை ஆகிவிடும். ஏனென்றால் நாடகம் முடிந்த இரவே செட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றியாக வேண்டும். மறுநாள் அந்த மேடை வேறு குழுவுக்கு.

செட் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் நாடகம் நடப்பது ஒரு பழைய கிராமத்து அடுக்களையில். பாத்திர அலமாரி வேண்டும், இரும்பு அடுப்பு வேண்டும், சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமும் அதற்கடியில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கும் வேண்டும். அடுப்பைத் தச்சர் ஒருவர் பிளைவுட்டில் செய்து கொடுத்தார். முன்வரிசையிலிருந்து பார்த்தால்கூட வார்ப்பிரும்பு மாதிரியே இருக்கும், ஆனால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். விளக்கும் படமும் ஒரு பாட்டியின் வீட்டிலிருந்து வந்தவை. அவருடைய கல்யாணத்திலிருந்து அந்தச் சுவரை விட்டு இறங்காத படம். அதைக் கழற்றி, தன் பழைய ஸ்வெட்டரில் சுற்றி என் கையில் கொடுத்தார். ஒரு மாதம் அவர் வீட்டுச் சுவரில் வெறும் தடம்தான் இருந்தது. பாட்டி, படம் கீறல் இல்லாமல் திரும்பி வந்துவிட்டது, விளக்கும் எரிகிறது. நீங்கள் எங்களை நம்பியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஸ்காரிஃபுக்குக் கிளம்ப வேண்டிய காலையில், பேசி வைத்திருந்த வாடகை வேன் வரவில்லை. மதியத்துக்குள் ஒருவர் தன் மாட்டு டிரெய்லரைக் கழுவித் துடைத்து, வைக்கோல் வாசம்கூட இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குப் பிறகு எல்லா விழாக்களுக்கும் அதே டிரெய்லரில்தான் போனோம். டீசல் காசு கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

போன ஊர்களில் எங்களை வரவேற்றவர்களுக்கும் நன்றி. வாசலில் டிக்கெட் கிழித்தவர்கள், செட் ஏற்ற ஓடி வந்த இளைஞர்கள், நடுராத்திரியில் சாண்ட்விச்சும் டீயும் வைத்துக் காத்திருந்த பெண்கள். நடுவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாடகம் முடிந்ததும் நடுவர் மேடையேறி, அத்தனை பார்வையாளர்களுக்கும் முன்னால் குறை நிறைகளைப் பேசுவது இங்குள்ள வழக்கம். அதைக் கேட்பதற்கென்றே மக்கள் எழாமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது அங்கம் தொய்கிறது என்று முதல் விழாவிலேயே ஒருவர் சொன்னார். வலித்தது. ஆனால் அவர் சொன்ன இடத்தில்தான் தொய்வு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரிசெய்தோம். அடுத்த விழாவிலிருந்து அந்த அங்கம்தான் எங்கள் பலம்.

பண விஷயம்: ஒவ்வொரு முறை ஆடுவதற்கும் உரிமத் தொகை கட்ட வேண்டும், அரங்கத்துக்கு வெப்பமூட்ட வேண்டும். கையேட்டில் விளம்பரம் கொடுத்த இறைச்சிக் கடை, மருந்துக் கடை, இறுதிச் சடங்கு நடத்துபவர், இடைவேளைக் குலுக்கலுக்குப் பரிசு கொடுத்த எல்லாருக்கும் நன்றி. கடன் இல்லாமல் முடித்திருக்கிறோம்.

இறுதிச் சுற்றுக்கு இந்த முறை போகவில்லை. வருத்தம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசியாக நம் ஊர் அரங்கத்தில் ஆடிய இரவில், கொட்டிலில் காவல் இருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் முதல்முறையாக நாடகத்தை முழுசாகப் பார்த்தார். அதற்காகவே இன்னொரு முறை ஆடலாம் என்று அப்பா வேடக்காரர் சொல்கிறார்.

அப்புறம், இரவல் கொடுத்தவர்களுக்கு: நீலப் பூப்போட்ட தேநீர்க் கோப்பைகளும் ஒரு கம்பளிச் சால்வையும் யாருடையவை என்று தெரியாமல் என்னிடம் இருக்கின்றன. வியாழக்கிழமை மாலை அரங்கத்தில் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபரில் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கும். நடிக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டுமல்ல, ஆணி அடிக்கத் தெரிந்தவர்களும் வரலாம்.

மிகுந்த அன்புடன்,
மேடைப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த உங்கள் தங்கை