பாட்டை நிறுத்துங்கள், பிள்ளை பேசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னப் பிள்ளைகள் பேச்சுப் பழகப் பாட்டு எப்படி உதவுகிறது என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் 'நிறையப் பாடுங்கள்' என்று சொல்லி அதோடு முடித்துவிட்டீர்கள். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் 29 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். (எங்கள் பக்கம் இன்னமும் பால்வாடிதான்.) பாட்டை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி யாராவது எழுதமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். அம்மாக்கள் கூடையோடு கிளம்பிவிட, பிள்ளைகளை ஆயாவோ பெரிய அக்காவோதான் கொண்டுவந்து விடுவார்கள். அப்படி வந்தவன் ஒரு பையன், மூன்றரை வயசு. சேர்ந்து இரண்டு மாசம் வாயே திறக்கவில்லை. பாட்டு என்றால் மட்டும் முன்வரிசைக்கு வந்துவிடுவான். கை ஆடும், தலை ஆடும், சத்தம் வராது. காதில் கோளாறோ என்று பயந்து, ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினேன். காது நன்றாகவே கேட்டது.

அப்போது ஒரு மீன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். நானே கட்டியது, யாப்பெல்லாம் பார்க்காதீர்கள்:

நெத்திலி நெத்திலி எங்க போன?
கடலுக்குப் போயி குளிச்சி வந்தேன்.
வஞ்சிரம் வஞ்சிரம் எங்க போன?
வலைக்குள்ள பூந்து மாட்டிக்கினேன்.

ஒருநாள் 'வலைக்குள்ள பூந்து' என்ற இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. பாட்டு நின்றது. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் மட்டும், ரொம்ப மெதுவாக, 'மாட்டிக்கினேன்' என்றான்.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே நிறுத்த ஆரம்பித்தேன். முதலில் கடைசி வார்த்தையை மட்டும் விட்டேன், அப்புறம் பாதி வரியை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, பாட்டில் இல்லாத ஒரு மீனைப் போட்டேன். 'சங்கரா சங்கரா எங்க போன?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். 'ஐஸ் பொட்டிக்குப் போயி பட்த்துக்கினேன்' என்றான் அவன். அவன் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். வீட்டு வாசலிலேயே தெர்மாகோல் ஐஸ் பெட்டி இருக்கும். பால்வாடியே சிரித்தது. அதற்கப்புறம் அவனை வாய் மூடவைப்பதுதான் எங்கள் பாடாகிவிட்டது, அது வேறு கதை.

செல்போனில் ஓடுகிற பாட்டு இருமாது. என் மனக்குறையே அதுதான். பிள்ளை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு குழந்தை, தனியார் நர்சரியில் படிக்கிறாள். விருந்தாளி வந்தால் இருபது ஆங்கில ரைம்ஸை வரிசையாக ஒப்பிப்பாள். தாகம் எடுத்தால் மட்டும் 'தண்ணி வேணும்' என்று கேட்காமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தமிழ்ப் பாட்டை அதே மாதிரி ஒப்பிக்க வைத்தாலும் கதை இதுதான்.

நம்முடைய பழைய வழக்கம் ஒப்பிக்க வைப்பதல்ல. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சப்பாணியில் கை கொட்டச் சொல்கிறார்கள், முத்தப் பருவத்தில் முத்தம் கேட்கிறார்கள், வருகையில் நடந்து வரச் சொல்கிறார்கள். பாடுகிறவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பிள்ளை ஏதாவது செய்தாக வேண்டும். வீட்டில் ஆயாக்கள் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கடைசியில் கக்கத்துக்கு நண்டை ஏற்றுவார்களே, அங்கேயும் நண்டு ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு. அந்த ஒரு நொடிக்காகப் பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருக்கும்.

கை தட்டுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. கானா கேட்டு வளர்ந்தவர்கள், தட்டு கிடைத்தால் தட்டு, தகரம் கிடைத்தால் தகரம். அதை வைத்தே மீன் பெயர்களை உடைப்போம். வஞ்-சி-ரம், மூன்று தட்டு. கா-ரப்-பொ-டி, நான்கு. மத்-தி, இரண்டு. இந்த மத்தியில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தட்டு இரண்டு, எழுத்து மூன்று. ஒன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் 'மதி' என்று எழுதிவிட்டு அடி வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். முதல் தட்டில் கையை எடுக்காமல் 'மத்' என்று அழுத்திப் பிடித்துப் பழகிய பிள்ளைக்கு, புள்ளி வைத்த எழுத்து ஒன்று உள்ளே ஒளிந்திருப்பது காதிலேயே தெரிந்துவிடும். பட்டம், வட்டம், கட்டம் என்று எதுகை போட்டு விளையாடுவதும் இதற்குத்தான்.

இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 400 குழந்தைகளை நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்து 1983இல் எழுதினார்கள். நாலைந்து வயதில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிரித்தறிந்த பிள்ளைகள், பிற்பாடு வாசிப்பிலும் முன்னால் நின்றார்கள் என்று. அது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைப் பற்றியது. நம் ஊருக்கு நம் ஊர்ப் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நிலாவைக் கூப்பிடும் பாட்டு அவர்கள் ஆயாவுக்கும் தெரியும், தெலுங்கில். அந்த ஆயாவையே வரவழைத்து ஒரு வரி தெலுங்கு, ஒரு வரி தமிழ் என்று பாடவைத்தால், பிள்ளைக்குப் பால்வாடி அந்நியமாக இருக்காது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று இப்போது பணியில் இருக்கும் டீச்சர்கள் கேட்பார்கள். நியாயம்தான். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. எடை பார்த்தோமா, சத்துமாவு கொடுத்தோமா என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. போஷான் டிராக்கர் என்ற அரசு செல்போன் செயலியில் அந்தக் கணக்கை ஏற்றவில்லை என்றால் உடனே போன் வரும். இன்றைக்கு எந்தப் பிள்ளை புதிதாக என்ன சொன்னது என்று கேட்டு எனக்கு ஒருநாளும் போன் வந்ததில்லை. காலையில் அரை மணி நேரம் டீச்சருக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்று ஒரு உத்தரவு போட்டாலே போதும். அதற்குச் செலவும் கிடையாது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சிறுவர் பக்கத்தில் வாரம் நான்கு வரி, அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே பாட்டுப் போடுங்கள். மீன் பாட்டு நான் தருகிறேன். வியாசர்பாடிக்காரரும் எண்ணூர்க்காரரும் தங்கள் தெருப் பாட்டை எழுதி அனுப்புவார்கள். அச்சுக் கோக்கும்போது ஒவ்வொரு பாட்டிலும் கடைசி வார்த்தையை மட்டும் போடாமல் விட்டுவிடுங்கள். வாசித்துக் காட்டுகிறவர் அந்த இடத்தில் நின்றுதானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
காசிமேடு, சென்னை – 13