டிசம்பரில் மிலானுக்கு வருகிறவனுக்கு

மிலான்,
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பெங்களூரில் வேலை நிரந்தரமானதையும், அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும் படித்து மனம் குளிர்ந்தது. இவ்வளவும் எழுதிவிட்டு, எல்லாவற்றிலும் பெரிய செய்தியைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். டிசம்பரில் நீயும் தங்கையும் இத்தாலிக்கு வருகிறீர்கள்! இங்கே எல்லோரும் நலம். மகன் பொலோனியாவில் படிக்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்துவிடுவான். மாமாவைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மகள் வாங்கிக் கொடுத்த அபெரோல் ஸ்பிரிட்ஸ், அதாவது அபெரோல் என்ற இத்தாலிய மதுவில் நுரை ஒயினும் சோடாவும் சேர்த்த பானம், ஆரஞ்சுச் சர்பத் மாதிரிதான் இருந்தது, இதற்கா ஊரெல்லாம் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். இத்தாலிய மதுக்களின் உயிர் கசப்பில் இருக்கிறது. அவை நாடு நாடாகப் பரவியபோது இனிப்பு முன்னால் வந்து நின்றுகொண்டது, கசப்பு பின்னால் போய்விட்டது. இங்கே மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து வருகிறவர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாவில் கொஞ்சம் கசப்பைத் தொட்டுப் பசியைக் கிளப்பிக்கொள்கிறார்கள். அந்த வேளைக்கும் அந்தக் கிளாசுக்கும் சேர்த்து அப்பெரிட்டிவோ என்று பெயர். உன் அம்மா வைக்கும் வேப்பம்பூ ரசம் செய்கிற அதே வேலைதான். எனக்கு இந்த ஊர் முதன்முதலில் பிடித்துப்போனதே அந்தக் கசப்பால்தான்.

அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. அபெரோலில் கசப்பு ஆரஞ்சுத் தோல், ஜென்ஷியன் வேர் இவற்றோடு சின்கோனாப் பட்டையும் சேர்கிறது. மலேரியாவுக்கு மருந்தெடுக்க ஆங்கிலேயர்கள் நம் நீலகிரியில் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்களே, அந்தச் சின்கோனாதான். மூலிகை ஊறவைத்த ஒயினான வெர்முத்துக்குக் கசப்பைத் தரும் செடி, நம் பூக்கடைகளில் மணக்கும் மரிக்கொழுந்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஆர்டெமீசியா என்ற ஒரே பேரினம்.

நீங்கள் டிசம்பர் 7-ஆம் தேதிக்குள் மிலானுக்கு வந்துவிட வேண்டும். அன்று இந்த ஊரின் காவல் புனிதர் அம்புரோஸின் திருநாள். லா ஸ்காலா இசையரங்கின் புதிய பருவம் அன்று மாலைதான் தொடங்கும். மறுநாளும் அரசு விடுமுறை. கோட்டையைச் சுற்றி ஓ பெய் ஓ பெய் சந்தை கூடியிருக்கும். வறுத்த செஸ்ட்நட்டின் புகை, குளிர், கம்பளிக் கோட்டுகள், தேவாலயச் சதுக்கத்தில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் என்று ஊரே தெருவில் நிற்கும். பார்களைப் பார்க்க ஆண்டில் இதைவிட நல்ல வாரம் கிடையாது.

முதலில் உன்னைக் கம்பாரினோ என்ற பாருக்கு அழைத்துப்போவேன். கலேரியா விட்டோரியோ எமானுவேலே என்ற கண்ணாடிக் கூரை வளாகத்தில், தேவாலயத்தைப் பார்த்த முனையில் இருக்கிறது. 1915-இல் டாவிடே கம்பாரி திறந்தது. அவருடைய தந்தை காஸ்பாரே கம்பாரி 1860-இல் நொவாரா என்ற ஊரில் உருவாக்கிய கசப்பு மதுதான் இன்று உலகம் முழுவதும் விற்கிற சிவப்புப் புட்டி. மேசையில் உட்காராதே. கீழ்த்தளத்தில் கவுன்டரில் நின்று, கம்பாரி செல்ட்ஸ் என்று மட்டும் கேள். உறையக் குளிர்ந்த கிளாசில் கொஞ்சம் கம்பாரி ஊற்றுவார்கள். அதன் மேல் குழாயிலிருந்து சோடாவை வேகமாகப் பீய்ச்சுவார்கள். இளஞ்சிவப்பு நுரை விளிம்புவரை எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கும். ஐஸ் இல்லை, பழத்துண்டு இல்லை, குடை இல்லை. முதல் மிடற்றில் முகம் சுளிக்கும். மூன்றாவதில் பசி எடுக்கும். கூடவே ஆலிவும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் வரும். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் பூவும் கிளியுமாகப் பழைய மொசைக். நூறாண்டு கடந்த ஒரு கடை இன்னும் அன்றாடக் கடையாகவே நடப்பதைப் பார்க்கிறபோது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

அடுத்து வியா பிளினியோ தெருவில் இருக்கும் பார் பாஸ்ஸோ. 2022-இல் ஒரு தொலைக்காட்சி நடிகரின் பேட்டித் துணுக்கு இணையத்தில் பரவி, நெக்ரோனி ஸ்பாலியாத்தோ என்ற கலவை மதுவின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனதே, உன் மகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அது பிறந்த இடம் இதுதான். 1972-இல் கடையின் உரிமையாளர் மிர்கோ ஸ்டொக்கெத்தோ, கம்பாரியும் சிவப்பு வெர்முத்தும் ஜின்னும் சேர்ந்த நெக்ரோனியைக் கலக்கும்போது ஜின்னுக்குப் பதிலாக நுரைக்கும் வெள்ளை ஒயினை ஊற்றிவிட்டார் என்பது கதை. கம்பாரி, சிவப்பு வெர்முத், நுரை ஒயின், அவ்வளவுதான். ஜின் இல்லாததால் தலைக்கு ஏறும் வேகம் குறைவு, கசப்போ அப்படியே நிற்கும். இரு கைகளாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய காலுள்ள கண்ணாடிக் கோப்பையில், செங்கல் போன்ற ஒற்றை ஐஸ் கட்டியோடு வரும். ஏப்ரலில் வடிவமைப்புக் கண்காட்சி வாரத்தில் இந்தக் கடைவாசலில் நிற்க இடம் இருக்காது. டிசம்பரில் அக்கம்பக்கத்து முதியவர்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்தக் கூட்டம்தான் பிடிக்கும்.

நவில்யி கால்வாய்ப் பக்கம் எல்லாப் பயணக் கையேடும் உன்னை அனுப்பும். விளக்கு வெளிச்சத்தில் கால்வாய் அழகுதான், நடந்து பார். ஆனால் ஒரு கிளாசின் விலைக்குத் தட்டு தட்டாகப் பாஸ்தா என்று வாசலில் நின்று கூவி அழைக்கும் கடைகளுக்குள் நுழையாதே. அங்கே வயிறு நிரம்பும், வாய்க்கு ஒன்றும் கிடைக்காது.

துரின் ஒரு மணி நேர ரயில் பயணம். காலையில் போய் இரவில் திரும்பலாம். வெர்முத் பிறந்த ஊர் அது. 1786-இல் கர்பானோ என்பவர் அங்கேதான் வெள்ளை ஒயினில் மூலிகைகளை ஊறவைத்து விற்கத் தொடங்கினார். பியாட்சா காஸ்தெல்லோ சதுக்கத்தில் முலஸ்ஸானோ என்ற சின்னஞ்சிறிய கஃபே இருக்கிறது. பளிங்கும் கண்ணாடியும் மர வேலைப்பாடுமாக நகைப்பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஓரம் வெட்டிய மெத்தென்ற முக்கோண சாண்ட்விச், அதாவது திராமெட்சினோ, 1926-இல் அங்கேதான் முதலில் பரிமாறப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு கிளாஸ் சிவப்பு வெர்முத்தும் அந்த சாண்ட்விச்சும் போதும். மாலையில் வெளியே வந்தால் தெருக்களுக்கு மேல் ஓவியர்களும் சிற்பிகளும் வடிவமைத்த விளக்குகள் தொங்கும். 1998 முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படித்தான். மழை பெய்தாலும் கவலையில்லை, வளைவுத் தாழ்வாரங்களுக்குள்ளேயே ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி வந்துவிடலாம்.

வெனிஸைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஹாரிஸ் பாருக்குப் போய் பெல்லினி குடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். 1931-இல் ஜுசெப்பே சிப்ரியானி திறந்த கடை, வரலாறு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பெல்லினி என்பது வெள்ளைப் பீச் பழச்சாறும் புரோசெக்கோ என்ற நுரை ஒயினும். அந்தப் பழம் கோடையில் பழுப்பது. டிசம்பரில் அவ்வளவு விலை கொடுத்து அதைக் குடிக்க என் மனம் ஒப்பவில்லை. அதற்குப் பதில் ரியால்டோ பாலத்துக்கு அந்தப் பக்கம், சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் நுழைவோம். பகாரோ என்று சொல்லும் நின்று குடிக்கும் சிறு கடைகள் அங்கே நிறைய. கந்தினா தோ மோரி 1462 முதல் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. கூரையெங்கும் செப்புப் பாத்திரங்கள் தொங்கும், நாற்காலி கிடையாது. இந்தச் சந்துகளில் ஸ்பிரிட்ஸ் கேட்கும்போது அபெரோலுக்குப் பதில் செலெக்ட் ஊற்றச் சொல். 1920-இல் இதே வெனிஸில் பிறந்தது, அபெரோலைவிடக் கசப்பும் மணமும் கூடுதல். உள்ளே ஒரு பச்சை ஆலிவ் மிதக்கும். தொட்டுக்கொள்ள, பதப்படுத்திய காட் மீனை எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் அடித்து ரொட்டித் துண்டில் தடவித் தருவார்கள். நாகப்பட்டினத்துக்காரனான உனக்கு அதைப் பிடிக்காமல் போனால் நான் ஆச்சரியப்படுவேன்.

ஃபுளோரன்ஸுக்கு நாள் மிஞ்சினால் பார்க்கலாம். 1919 வாக்கில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, கம்பாரி, சிவப்பு வெர்முத், சோடா சேர்ந்த தன் வழக்கமான அமெரிக்கானோவில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்ன ஊர் அது. நெக்ரோனி வலுவானது, மூன்றும் சம அளவு மதுவாயிற்றே. ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

தங்கை மதுவைத் தொடமாட்டாள் என்பதற்காக அவளை ஓட்டல் அறையில் விட்டுவிட்டு வராதே. இங்கே மது கலக்காத கசப்பு பானங்களும் பழைய வழக்கம்தான். குரொதினோ என்று ஆரஞ்சு நிறத்தில், சிறு கண்ணாடிப் புட்டியில் வரும். அதே கிளாஸ், அதே ஐஸ், அதே ஆரஞ்சுத் துண்டு. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். துரினில் 1763 முதல் நடக்கும் அல் பிச்செரின் கஃபேயில் அவளுக்குக் காபி, சாக்லேட், பாலேடு மூன்றும் அடுக்கடுக்காக நிற்கும் பானம் வாங்கித் தரலாம். கலக்காமல் குடிக்க வேண்டும் என்று சொல்லிவை.

காரை வாடகைக்கு எடுக்கும் யோசனையை விட்டுவிடு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் மது இருந்தால் தண்டனை. மெட்ரோவும் ரயிலும் நன்றாக இருக்கின்றன. இன்னொன்று, பல கடைகளில் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் கூடுதல் விலை. வெனிஸின் புனித மார்க் சதுக்கத்தில் வாத்தியம் வாசிக்கும் நேரத்தில் உட்கார்ந்தால் இசைக்கும் தனியாகப் பணம் கேட்பார்கள்.

விமான டிக்கெட் எடுத்தவுடன் தேதியை எழுது. துரின், வெனிஸ் ரயில் டிக்கெட்டுகளை முன்கூட்டியே எடுத்தால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுகிறார்களா என்று நீயே கவனி, வேலைக்காரப் பெண்ணை நம்பி விட்டுவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் கண்ணன்