லேபிள் ஒட்டிட்டா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க வார இணைப்புல அட்டாச்மென்ட் ஸ்டைல், அதாவது நெருங்கின உறவுல ஒருத்தர் எப்படி ஒட்டிப் பழகுறாங்கங்கிறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். விட்டுட்டு போயிடுவாங்களோன்னு பயப்படுற ஆங்ஷியஸ், நெருங்கினா ஒதுங்குற அவாய்டன்ட், பயமில்லாம நெருங்கிப் பழகுற செக்யூர்னு மூணு வகைய சொல்லிட்டு உங்க ஆளு எந்த வகைன்னு கண்டுபிடிங்கன்னு ஒரு கேள்வித்தாளோட முடிச்சிட்டீங்க, அதுதான் எனக்கு வருத்தம், கண்டுபிடிச்சப்புறம் என்ன பண்றதுங்கிறதுதானே முக்கியம். இப்பல்லாம் "அவன் அவாய்டன்ட்டு, விட்டுத்தள்ளு"ன்னு ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிடறாங்க, வருஷக்கணக்கா பழகின மனுஷனுக்கு அவ்வளவுதானா மரியாதை?

இந்த ஆராய்ச்சி குழந்தைங்ககிட்ட ஆரம்பிச்சது, மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தும் பண்ணது. அத காதலுக்கு கொண்டு வந்த உளவியலாளர்கள் சிண்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் முதல்ல நம்பினது உங்கள மாதிரி ஒரு நாளிதழத்தான், அதுல கேள்வித்தாள் போட்டு வாசகர்கள் அனுப்பின பதில்கள வச்சு 1987ல கட்டுரை வெளியிட்டாங்க. பாதிக்கு மேல செக்யூர், கால்வாசி அவாய்டன்ட், மீதி ஆங்ஷியஸ்னு வந்துச்சு. ஆனா இப்ப பெரும்பாலும் அப்படி பெட்டி பெட்டியா பிரிக்கிறதில்லைங்க, விட்டுட்டு போயிடுவாங்களோங்கிற பயம் எவ்வளவு, நெருங்கி வந்தா ஒதுங்குற குணம் எவ்வளவுன்னு ரெண்டு அளவுலதான் பாக்கறாங்க, அது எல்லார்கிட்டயும் கூடவோ குறையவோ இருக்கும், காலப்போக்குல மாறவும் செய்யும்.

நீங்க தொடாம விட்டது இன்னொண்ணு. ஒரு பொண்ணு "ஏன் ஒரு மாதிரி இருக்க"ன்னு மெசேஜ் அனுப்புறா, ப்ளூ டிக் விழுது, ரிப்ளை இல்ல. அடுத்தடுத்து நாலு மெசேஜ் போடுறா, லாஸ்ட் சீன் பாக்கறா, கடைசியில அவன் பொறாமைப்படட்டும்னே வேற ஃப்ரெண்டோட எடுத்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல வைக்கிறா. அவனோ இப்ப பேசினா சண்டைதான் வரும்னு போன கவுத்து வச்சிட்டு உக்காந்திருக்கான். ரெண்டு பேருமே உறவ காப்பாத்தத்தான் பாக்கறாங்க, அவ துரத்தி துரத்தி, இவன் ஒதுங்கி ஒதுங்கி, ஆனா அவ துரத்த துரத்த இவன் இன்னும் ஒதுங்குறான், இவன் ஒதுங்க ஒதுங்க அவளுக்கு பயம் ஏறுது.

உறவுகள பத்தி ஆராய்ச்சி பண்ற லாரா ஸ்டாஃபோர்டும் டேனியல் கேனரியும் 1991லயே உறவ தக்க வச்சுக்கிற வழிகள்னு அஞ்சு சொன்னாங்க: முகம் கொடுத்து இனிமையா பழகுறது, மனசு விட்டு பேசறது, உன்கூடத்தான் இருப்பேன்னு உறுதி கொடுக்கறது, வேலைய பகிர்ந்துக்கிறது, ரெண்டு பேரோட சொந்தபந்தம் நண்பர்களையும் சேத்துக்கிறது. இதுல அந்த உறுதி கொடுக்கறதத்தான் நான் பெருசா நினைக்கிறேன். "இப்ப மனசு சரியில்ல, ஒம்பது மணிக்கு நானே கூப்பிடறேன்"னு அவன் ஒரு வரி போட்டுட்டு, சொன்ன மாதிரி கூப்பிட்டா அவளுக்கு பாதி பயம் போயிடும், அவளும் அதுவரைக்கும் போன் பண்ணாம இருந்தா அவனுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். நீ ஏன் இப்படி இருக்கன்னு மணிக்கணக்கா அலசறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அதுக்காக போன திறந்து காட்டுன்னு மிரட்டுறது, யார்கூட பேசணும்னு கட்டளை போடுறது, கை நீட்டுறது இதுக்கெல்லாம் ஆங்ஷியஸ்னு பேர் வச்சு யாரும் பொறுத்துக்க வேண்டாம், அங்கருந்து பத்திரமா வெளிய வர்றதுதான் முக்கியம்.

அடுத்த தடவ இப்படி கேள்வித்தாள் போட்டீங்கன்னா "உங்க பார்ட்னர் எந்த வகை"ன்னு மட்டும் கேக்காம, "பயம் வந்தா நீங்க என்ன செய்வீங்க, அப்ப அவங்க என்ன செஞ்சா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்"னும் கேளுங்க, பதில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து எழுத சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி