பிள்ளைகள் கூடிப் பேச என்ன புத்தகம் கொடுக்கலாம்?

கோவில்பட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. இங்கே இந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கரிசலில் உளுந்தும் பாசியும் நன்றாக நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஊர் நூலகத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் புத்தகம் பேசப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பட்டியல் கேட்டாய். நீளமான பட்டியல் வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு கதை, அதே விஷயத்தைத் தொடுகிற ஒரு நிஜ வாழ்க்கை, இப்படி ஜோடி ஜோடியாகக் கொடுத்துப் பார். கதையை மட்டும் கொடுத்தால் 'இது கதைதானே' என்று தள்ளிவிடுவார்கள். வரலாற்றை மட்டும் கொடுத்தால் பாடப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சு தானாகக் கிளம்பும்.

முதலில் நம்ம ஊர்க்காரர் கி.ரா.வின் (எழுத்தாளர் கி. ராஜநாராயணன்) 'பிஞ்சுகள்'. பறவை முட்டைகளைத் தேடித் தேடிச் சேகரிக்கிற ஒரு கிராமத்துப் பையனின் கதை. மெலிந்த புத்தகம்தான், இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். அதோடு பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியின் தன்வரலாற்றைச் சேர்த்துக்கொள். 1985இல், தொண்ணூறை நெருங்கும் வயதில் எழுதினார், தமிழிலும் வந்திருக்கிறது. முழுவதும் வேண்டாம், ஆரம்ப அத்தியாயங்கள் போதும். பம்பாயில் சின்னப் பையனாக இருந்தபோது ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுடுகிறார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இதைச் சாப்பிடலாமா, மார்க்கத்தில் அனுமதி உண்டா என்று மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் பையனை விரட்டாமல், இழுப்பறைகளைத் திறந்து, பாடம் பண்ணி வைத்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். இந்தியப் பறவையியலின் பெரிய வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

இப்போது பிள்ளைகளிடம் கேள். ஒரு உயிரைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைக் கொல்லலாமா? கூட்டிலிருந்து முட்டையை எடுத்த பையனுக்குப் பறவைமேல் இருந்தது பிரியமா, ஆசையா? 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டுப் பறவைகளின் முட்டையை எடுப்பதே குற்றம் என்பதையும் சொல். வளர்ந்த பிறகும் சலீம் அலி ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவர்தான். எது சரி என்று எனக்கே முடிவாகச் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட கேள்வியைத்தான் நீ கொண்டுபோக வேண்டும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒரே மூச்சில் படிக்கிற குறுநாவல். கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிற சிறுமி, அடி வலிக்காமலிருக்க மருந்து தேடித் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். இதைக் கொடுத்துவிட்டு வெறுமனே வீட்டுக்கு அனுப்பாதே மாப்ளே. எல்லாரும் சேர்ந்து அங்கேயே படியுங்கள், படித்து முடித்ததும் அங்கேயே பேசுங்கள். கூடவே 'டோட்டோ-சான்' வேண்டும். ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களை எழுதியது. இன்னொரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த சிறுமி நான்கு மணி நேரம் பேசுவதைத் தலைமையாசிரியர் கொபயாஷி கொட்டாவி விடாமல் கேட்கிறார். கழிப்பறைக் குழியில் விழுந்த பர்ஸைத் தேடி அவள் அகப்பையால் எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருக்கும்போது, முடிந்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பக்கத்தை யாராவது ஒரு பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல். அப்புறம் 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது என்று சொல்லிவிட்டு நீ பேசாமல் இரு. அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும்.

பெரிய பிள்ளைகளுக்குப் பூமணியின் 'வெக்கை'. இதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்திருப்பார்கள், அதனால் கை நீட்டி வாங்குவார்கள். நாவலில் நாம் கூடவே நடப்பது கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு தலைமறைவாகத் திரியும் பதினைந்து வயசுச் சிதம்பரத்தோடு. படத்தில் தகப்பன்தான் நாயகன். ஏன் மாற்றினார்கள் என்று அவர்களே வாதாடட்டும். இதற்கு ஜோடி, தலித் சிறுமியாக வளர்ந்த தன் வாழ்க்கையைப் பாமா எழுதிய 'கருக்கு', 1992இல் வந்தது. அவர் தெருப் பெரியவர் ஒருவர், மேல்சாதிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய வடைப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் அப்படிப் பிடித்தார் என்று அண்ணன் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. சாதியைப் பற்றி மேடை போட்டுப் பேசத் தேவையில்லை, அந்தப் பொட்டலம் போதும். ஆனால் உன் கூட்டத்தில் இருக்கும் எந்தப் பிள்ளையையும் 'நீ சொல்லு' என்று இதில் மட்டும் சுட்டிக் கேட்காதே. பேச விரும்புகிறவர்கள் பேசட்டும்.

வயசுக்கு இது அதிகம் என்று பெற்றோர் யாராவது சொன்னால் அவர்களையும் ஒரு ஞாயிறு வரச் சொல். கதைச் சுருக்கம் சொல்லச் சொல்லாதே, நீதி என்ன என்றும் கேட்காதே. 'பிடிக்கவில்லை' என்று ஒருவன் சொன்னால் எந்தப் பக்கத்திலிருந்து என்று கேள்.

'பிஞ்சுகள்' என்னிடம் கூடுதலாக ஒரு பிரதி இருக்கிறது. 'ஆயிஷா' விலை குறைவு, பத்துப் பிரதி வாங்கிச் சேர்த்து இந்த வாரமே பார்சலில் போட்டுவிடுகிறேன். பணம் அனுப்பாதே. பறவைக் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை