முகவரி தவறிய மடல் அல்ல இது

கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிணந்தின்னிக் கழுகுகளான பாறு கழுகுகளைப் பற்றிய மடல் வனத்துறைக்கு அல்லவா போக வேண்டும் என்று நினைப்பீர்கள். தெரிந்தேதான் உங்களுக்கு எழுதுகிறேன். நீலகிரியின் மாயாற்றங்கரை நீர்மருது மரத்தில் கூடு கட்டும் பறவையின் ஆயுள், கட்டுத்தறியில் மடிநோய் கண்ட மாட்டுக்குப் போடும் ஊசியில் இருக்கிறது.

வலிக்கு டைக்ளோபினாக் போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் மருந்து உடலிலேயே தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பாறு கழுகின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிகிறது. சில நாள்களில் பறவை சாகிறது. ஒரு சடலத்தில் கூட்டமே பந்தி அமரும் என்பதுதான் கொடுமை. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் இனம் அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோனது இப்படித்தான்.

தடைகள் வராமல் இல்லை. கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது, 2023இல் பாறுகளுக்கு அதேபோல் ஆபத்தான வலிமருந்துகளான கீட்டோபுரோபேனும் அசிக்ளோபினாக்கும், அடுத்து நிமிசுலைடு. ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோபினாக் ஊசி இன்றும் விற்பனையில் இருக்கிறது. அது மாட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். நாலைந்து குப்பிகளை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மாட்டுக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். நள்ளிரவில் பசு கதறும்போது கைக்குக் கிடைக்கும் மருந்தைத்தான் அவர் தேடுவார்.

அந்தக் கைக்கு மெலாக்சிகாம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பாறுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்துக் கண்ட மருந்து அது. சீகூர், மாவனல்லா, சத்தியமங்கலம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் ஒரு நாளும் இருப்புத் தீராமல் அதை வையுங்கள். ஏழை வீட்டு மாட்டுக்கு இலவசமாகவே கொடுங்கள். கிராமங்களில் ஊசி போட வருபவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். மிரட்டினால் குப்பிகள் ஒளிந்துகொள்ளும். ஊசி போட்ட மாடு செத்தால் புதைக்கவும், மருந்து ஏறாத சடலத்தைப் பறவைகளுக்கு விட்டுவைக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு தாமதமாவதும், ஆத்திரத்தில் சிலர் சடலத்தில் விஷம் வைப்பதும் வேறு கதை. அதை வனத்துறைக்குத் தனியாக எழுதுகிறேன்.

கழுகைப் பெயரிலேயே வைத்திருக்கும் திருக்கழுக்குன்றத்தில், நண்பகல் சோற்றுக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. மாயாற்றுக்குப் பாறுகள் இன்னும் வருகின்றன. உங்கள் அடுத்த மருந்துக் கொள்முதல் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மாடு வளர்த்த வீட்டில் பிறந்த ஒருவன்